அஸ்னகெச் அழுத காட்சி

அடிஸ் அபாபாவில் எங்கள் சந்தில் இஞ்ஜெரா ரொட்டி சுட்டு விற்பவள் அஸ்னகெச். புருஷன் இல்லை, ஒரே மகன் எர்மியாஸ். பொறியியல் படித்துவிட்டு மூன்று வருஷம் கட்டட வேலையில் கல் சுமந்தவன், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சூடான் வழியாக லிபியாவுக்குக் கிளம்பிவிட்டான். "கடல் தாண்டிட்டுக் கூப்பிடுறேம்மா" என்றதுதான் கடைசி ஃபோன்.

அவன் கூட்டாளி ரோபெல் அதையே படமாக எடுத்தான். வேலையில்லாமல் பாலைவனம் போகிற நான்கு பையன்களின் கதை. தூரத்துச் சாவை நாங்கள் ஃபோனில் சொல்ல மாட்டோம். விடியுமுன் அக்கம்பக்கம் திரண்டு வாசலில் போய்ச் சொல்வோம். அந்தக் காட்சிக்குச் சந்து முழுக்க நடிகர்கள். சாவு வீடுகளுக்கு உதவச் சந்தில் நாங்கள் நடத்துகிற சங்கத்தின் கூடாரமும் பெஞ்சுகளும் என் பொறுப்பு, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அஸ்னகெச்சிடம் ரோபெல் சொல்லியிருப்பான் என்று நானும், நான் சொல்லியிருப்பேன் என்று அவனும் இருந்துவிட்டோம்.

மாதா கோயிலிலிருந்து திரும்பியவள் கண்ணில் பட்டது கூடாரமும், துக்கத்துக்குப் போர்த்துகிற மாதிரி போர்த்திக்கொண்டு நின்ற நாங்களும். "ஐயோ, எம் புள்ள!" என்று மார்பில் அறைந்துகொண்டு மண்ணில் விழுந்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சினிமாதான் என்று நான் கத்தியிருக்க வேண்டும். என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? அந்த அரை நிமிஷத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ரோபெல் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காட்சியைப் படத்திலிருந்து வெட்டிவிடுவதாகச் சொன்னான். அவள்தான் வேண்டாம் என்றாள்.

"இருக்கட்டும்டா. கிளம்பப் போற பசங்க பாக்கட்டும். ஒரு தடவ அழுதாச்சுல்ல, கண்டம் கழிஞ்சிருச்சு. இனி எம் பையனுக்கு ஒண்ணும் ஆகாது."

தியேட்டரில் அந்தக் காட்சிக்குத்தான் எல்லோரும் அழுதார்கள். சந்தில் ஒரே கேலி.

"என்ன நடிகையம்மா, ரொட்டி சுட்டாச்சா?"

"அடுத்த படத்துல எனக்குக் கல்யாணப் பொண்ணு வேஷம் குடுக்கச் சொல்லுங்கடி!"

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு முடிய ஒரு வாரம் இருந்தபோது, எர்மியாஸோடு போனவன் ஒருவன் ரோபெலை ஃபோனில் கூப்பிட்டான். படகு கவிழ்ந்திருந்தது. கூப்பிட்டவன் மட்டும் பிழைத்திருந்தான்.

மறுநாள் விடியுமுன் போனோம். ரோபெல் முன்னால் நின்றான். கதவைத் திறந்தவள் எங்கள் போர்வைகளைப் பார்த்தாள். சிரித்தாள்.

"மறுபடியும் எடுக்கிறீங்களா? போன தடவ நல்லாத்தானே அழுதேன்?"

அவள் ஒவ்வொருவர் கையாகப் பார்த்தாள். பிறகு எங்கள் தலைகளுக்கு மேல் சந்தின் கோடி வரைக்கும் தேடினாள்.

"டேய் ரோபெல், கேமரா எங்கடா?"

ரோபெல் வெறுங்கையோடு அழுதுகொண்டு நின்றான்.