பூட்டியிருந்தது, பூட்டப்பட்டது

அந்தத் தொழிற்சாலை அலுவலகத்தில் அவருக்கு மின்னல் என்று பட்டப்பெயர். தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யும் வேலை, பத்தொன்பது வருடமாகிறது. அச்சு இயந்திரம் ஓடும் அரை நிமிடம்கூட உட்கார மாட்டார், ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டே இருப்பார்.

அன்று பதினொரு மணிக்கு விசாரணை. கிடங்கில் இரவு புகை சூழ்ந்தபோது அவசரக் கதவு திறக்கவில்லை. இரண்டு பேர் ஆஸ்பத்திரியில். பத்தே முக்காலுக்கு இரவுக் காவலாளி வந்து மேசைமுன் நின்றார்.

"அக்கா, நான்தான் பூட்டினேன்னு உங்க பேப்பர்ல இருக்காமே? வேலை போயிடும்னு சொல்றாங்க."

"நீங்க சொன்னதைத்தானே அடிச்சேன். ஆறு மணிக்குக் கதவு பூட்டியிருந்துச்சுன்னீங்க."

"ஆமா. நான் டியூட்டிக்கு வரும்போதே பூட்டித்தான் இருந்துச்சு. சாவி பகல் ஷிப்ட்காரங்ககிட்ட. உடனே அவங்களுக்குப் போன் பண்ணியும் சொன்னேன்."

மின்னல் அவர் வாக்குமூலத்தின் நகலை எடுத்துப் பார்த்தார். 'த டோர் வாஸ் லாக்ட் அட் சிக்ஸ்.'

தமிழில் பூட்டியிருந்தது என்றால் கதவின் நிலை. பூட்டப்பட்டது என்றால் யாரோ ஒருவரின் கை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'லாக்ட்'. பெயரடையா, செயப்பாட்டு வினையா? 'டயர்டு' என்றால் முன்னால் 'வெரி' போட்டுப் பார்க்கலாம், ஒட்டினால் பெயரடை. இதற்கு 'வெரி' ஒட்டாது. பக்கத்தில் ஆறு மணியை வேறு நிறுத்தியிருந்தார். படிப்பவர் கண்ணுக்கு, ஆறு மணிக்கு ஒரு கை பூட்டுகிறது. அந்த நேரத்தில் அங்கே இருந்த கை காவலாளியுடையது.

'ஆல்ரெடி' சேர்த்தார். 'ஆறு மணிக்கு அவர் வந்தபோது' என்று மாற்றினார். இப்போது கதவு மட்டும் இருந்தது, கை இல்லை.

மேலாளர் தடுத்தார். "அதிகாரி கைக்குப் போயாச்சும்மா. இப்ப மாத்தினா உங்க தலைதான் உருளும்."

"உருளட்டும் சார். அவர் தலை ஏன் உருளணும்?"

"சரி, 'எ மிஸ்டேக் வாஸ் மேட்'னு போட்டு விடுங்க. யார் பண்ணதுன்னு தெரியாது."

மின்னலுக்குச் சிரிப்பு வந்தது. "இதுலயும் கையை மறைக்கணுமா சார்?"

மணி பதினொன்றுக்கு இரண்டு நிமிடம். திருத்திய தாளின் அடியில் நின்றபடியே அடித்தார்: 'ஐ மேட் எ மிஸ்டேக்.' கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டே விசாரணை அறைக்கு நடந்தார், காவலாளியும் பின்னால் போனார்.

அதிகாரி பழைய தாளையும் திருத்திய தாளையும் படித்தார். "அப்ப யார்தான் பூட்டினது?"

"அது இவர் வாக்குமூலத்துல இல்லை சார். பகல் ஷிப்டைக் கேக்கணும்."

அதிகாரி காவலாளியை உட்காரச் சொன்னார். பகல் ஷிப்ட் மேற்பார்வையாளரை அழைத்துவர ஆள் அனுப்பினார். மின்னலிடம் மட்டும், "நீங்க வெளிய இருங்க, உங்ககிட்ட தனியா பேசணும்" என்றார்.

நடைபாதையில் நாற்காலி கிடந்தது. மின்னல் உட்காரவில்லை.