இரண்டாவது ஆள் பார்த்தால்தான்

“அப்பா போயிட்டாவ, மாமா.” வேலாயுதம் சார்வாளின் மகள் போனில் சொன்னபோது, கடையில் பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தவறிவிட்டது. முழுவதையும் அவிழ்த்துத் திரும்பச் சுற்றினேன். புரட்டாசி நடுப்பகுதி. வலசைப் பறவைகள் வந்திறங்கத் தொடங்கும் நேரம். இன்னும் பத்து நாள் இருந்திருக்கலாம்.

தென்காசியில் அவரிடம் விலங்கியல் படித்தவர்கள் நிறையச் சொல்வீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பறவைகளை நானாகத்தான் தெரிந்துகொண்டேன். ஞாயிறுதோறும் அவரோடு குற்றாலத்தில் நடந்தவன், சண்டை போட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பார்த்த பறவைகளைக் குறித்துவைக்கும் எங்கள் நோட்டுக்கு அவர் ஒரு விதி வைத்திருந்தார். புதிய பறவையை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் அது நோட்டில் ஏறும். ஆறு வருடங்களுக்கு முன், ஐந்தருவிக்கு மேலே பழத்தோட்டப் பாதையில், நான் தனியாக நீலத்தலைப் பூங்குருவியைப் பார்த்தேன். செங்கல் நிற மார்பு, சிறகில் வெள்ளைத் திட்டு. இமயமலையிலிருந்து வருவது. எங்கள் நோட்டில் அதுவரை இல்லாதது. போய்ச் சொன்னதும் அவர் பேனாவை மூடிவிட்டார்.

“அப்போ நான் பொய்யா சொல்லுதேன்?”

“யாரு வே அப்படிச் சொன்னா? ஒத்தையில பாத்தா ஆசையும் சேந்துல்லா பாக்கும். ரெண்டாவது ஆளு பாக்கட்டும்.”

ஒரு வருடம் அவரோடு நான் நடக்கவில்லை. பார்த்தவன் காலேஜ் வாத்தியாராக இருந்திருந்தால் ஏற்றியிருப்பார் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

போன ஐப்பசியில் அதே பாதையில் போனோம். மழை விட்டிருந்தது. ஓடைப் பாறைகளில் வாலாட்டிகள். பலா மரத்தில் கதிர்க்குருவிகள் இலை இலையாகப் பூச்சி பொறுக்கின. “வந்துட்டாவ வே, விருந்தாளிக” என்று அவர் முகமெல்லாம் மலர்ந்தார். என் காலில் அட்டை ஏறியிருந்தது. குனிந்து உப்பு வைத்தேன். அவர் என் தோளை இறுகப் பிடித்தார்.

“பூங்குருவி! பலாக் கொப்புல பாரும் வே!”

நிமிர்ந்தபோது கொப்பு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

“பாத்தீரா?”

எழுபது தாண்டிய மனிதர், பரீட்சை முடிவுக்கு நிற்பவரைப் போல என் முகத்தையே பார்த்தார். ஆமாம் என்று ஒரு சொல் போதும், நோட்டில் ஏறிவிடும்.

“பாக்கலை சார்வாள்.”

அவர் பேனாவை மூடினார். “அட்டைக்கு இன்னைக்குப் பாத்தா பசிக்கணும்? சரி, உம்ம வஞ்சம் தீந்துதா?”

“பாதி தீந்துது.”

வயிறு குலுங்கச் சிரித்தார். பாறையில் உட்கார்ந்து இருவரும் சுக்குக் காப்பி குடித்தோம். எங்கள் நடைகளில் அதுதான் சிறந்த நாள்.

பதினாறாம் நாள் முடிந்ததும் மகள் நோட்டை என்னிடம் தந்தாள். சென்ற ஞாயிறு தனியாகப் போனேன். அதே பலா. பூங்குருவி வந்து இரண்டு நிமிடம் உட்கார்ந்து, முன்னும் பின்னும் திரும்பிக் காட்டிவிட்டுப் போனது. அந்த விதி தவறு என்றுதான் இன்றும் சொல்வேன். அவர் இறந்துவிட்டார் என்பதற்காக மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனாலும் பேனாவை மூடிவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நோட்டும், அதில் நாங்கள் இருவரும் எழுதாமல் விட்ட ஒரு பறவையும்தான். ஐப்பசியில் இன்னும் ஒரு ஞாயிறு இருக்கிறது. அவரை அறிந்த யாராவது ஒருவர் கூட வாருங்கள். வருகிறவர் குனிய வேண்டாம். அட்டைக்கு உப்பை நான் வைத்துவிடுகிறேன்.