பேக்கேஜும் பாஸ் குரலும்

வீட்டுக்கடன் ஏஜெண்ட் ஆபீசில் வேலை பார்த்த என் இனத்தாரே, உங்களுக்கே தெரியும்: கஸ்டமர் பேனாவைத் திறக்கும் நேரத்தில்தான் இன்சூரன்ஸ் பாரம் சத்தமில்லாமல் நடுவில் வந்து படுக்கும்.

பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சை ரிசல்ட் வரும்வரை பாச்சாங்கில் எனக்கு அந்த வேலை. போட்டோகாப்பி எடுப்பேன், மைலோ கலக்குவேன், மீதி நேரம் எல்லாரையும் போலப் பேசிக் காட்டுவேன். பாஸ் குரல் என் ஸ்பெஷல். மூக்கில் தொடங்கி ‘டோண்ட் வொரி’யில் முடியும்.

பென்சில் புள்ளடி

கையெழுத்துப் போடும் இடத்திலெல்லாம் பென்சிலால் புள்ளடி, அதாவது சின்னதாக ஒரு ‘X’, போட்டு வைப்பது என் வேலை. செலண்டார் எஸ்டேட்டிலிருந்து லாரி ஓட்டும் செல்வம் அண்ணனும், பேக்டரியில் வேலை செய்யும் அவர் மனைவி கலை அக்காவும் வந்தார்கள். எஸ்டேட் வீட்டை மூன்று மாதத்தில் காலி செய்யணும். தங்கா பத்துவில் ஒரு வீட்டுக்கு புக்கிங் கட்டியாச்சு. அண்ணன் பேனாவைத் திறந்தார். “படிச்சிட்டுப் போடுங்கண்ணே” என்றேன்.

“படிச்சா பயமா இருக்கும் தங்கச்சி. புள்ளடியப் பார்த்துப் போட்டுட்டு ஓடிடுறேன்.”

ராகு காலம்

அக்கா விரல் ஒரு வரியில் நின்றது. மாதத் தவணை, முதலில் சொன்னதைவிடக் கூட. கடன் இன்சூரன்ஸ், தீ இன்சூரன்ஸ், விபத்து பிளான் எல்லாம் கடனோடு ஏறியிருந்தன. “எல்லாம் பேக்கேஜ்மா, டோண்ட் வொரி” என்றார் பாஸ். அக்கா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். வியாழக்கிழமை, மணி ஒன்றரை. “ராகு காலம் பாஸ். மூணு மணிக்கு மேல போடுறோம்.” ஆபீஸ் வாசலில் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கும் பாஸ் என்ன சொல்வார்? சாப்பிடப் போய்விட்டார். “அவ்வளவு பக்தியாக்கா?” என்றேன்.

“ராகுவாவது கேதுவாவது! யோசிக்க நேரம் வேணும்லா.”

ஒத்திகை

நான் பாஸ் நாற்காலியில் உட்கார்ந்தேன். “எல்லாம் பேக்கேஜ்மா...” அண்ணன் சிரித்த சிரிப்பில் மைலோ சிந்தியது. அக்கா சிரிக்கவில்லை. “சரி பாஸ், இதுல எது கட்டாயம்?” என்று என்னையே கேட்டார். பேங்க் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். தீ இன்சூரன்ஸ் கட்டாயம். விபத்து பிளான் விருப்பம். கடன் தீராமல் ஆள் போய்விட்டால் மிச்சத்தை அடைக்கும் கடன் இன்சூரன்ஸ், அண்ணன் பேரில் மட்டும். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்று முறை கேட்டுப் பழகினார். மூன்றாவது முறை அண்ணனுக்கே சிரிப்பு நின்றுவிட்டது.

“பாதித் தவணை கட்டுறது நான். நான் சாகமாட்டேனா பாஸ்?”

மூன்று மணி

பாஸ் ஏப்பத்தோடு வந்தார். அக்கா தடுமாறாமல் எல்லாவற்றையும் கேட்டார். பாஸ் மூக்கில் தொடங்கினார்: “கலை, எல்லாம் பேக்கேஜ்மா, டோண்ட்...” அண்ணன் வெடித்துச் சிரித்தார். “ஐயோ, அப்படியே நம்ம தங்கச்சி மாதிரியே பேசுறீங்க பாஸ்!” என்றார் அக்கா. நான் போட்டோகாப்பி மிஷினுக்குப் பின்னால் குனிந்தேன். பாஸ் மிஷின் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு பாஸே விபத்து பிளான் தாளை உருவினார். கடன் இன்சூரன்சை ஆளுக்குப் பாதியாக மாற்றி எழுதினார். தவணை, அவர்களால் கட்ட முடிந்த அளவுக்கு இறங்கியது. அடுத்து அக்கா விரல் சேவைக் கட்டணத்துக்குப் போனது.

“அம்மா தாயே, என் பீஸை மட்டும் விட்டுடுங்கலா!”

அண்ணனும் அக்காவும் தங்கா பத்து வீட்டில் பால் காய்ச்சிவிட்டார்கள்; பாஸ்தான் பாவம், என் முன்னால் ‘டோண்ட் வொரி’ சொல்ல இன்றுவரை வொரி பண்ணுகிறார்.