கப்பல் ஏறி வந்து வீடு கேட்டவர்கள்

வீட்டுத் தரகனுக்கு விற்கிறவரும் சொந்தமில்லை, வாங்குகிறவரும் சொந்தமில்லை. ஆனால் கிரயம் முடிந்த மறு வருஷம் கிணறு வற்றினால் இரண்டு பேரும் முதலில் தேடுவது அவனைத்தான். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவே இந்தத் தொழிலில் செருப்புத் தேய அலைந்தவன் நான். வீடு தேடி வெயிலில் கறுத்து, போன வீட்டிலெல்லாம் மோர் குடித்து வயிறு உப்பிய வாசகர்களுக்கு என் பாடு புரியும்.

என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் வெளிதேசத்தார். பினாங்கிலும் கொழும்பிலும் ரங்கூனிலும் பிறந்து வளர்ந்தவர்கள். அந்தந்த நாட்டுப் பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அப்பாவோ புருஷனோ பிறந்த ஊர் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாமல் இங்கே வீடு வாங்க வந்தவர்கள். உள்ளூர்க்காரருக்கு வீட்டைக் காட்டினால் போதும். இவர்களுக்கு ஊரையே காட்ட வேண்டியிருந்தது.

மழை எப்போது?

முதலில் வந்தவர் பினாங்கு தங்கராஜ். நல்ல சித்திரை மாதம். ஆள் கையில் குடையோடுதான் ரயிலை விட்டு இறங்கினார். வெயிலுக்கு என்று நினைத்தேன். இல்லை, மழைக்கு. அவர் ஊரில் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் ஒரு மழை வந்து போய்விடுமாம்.

விருதுநகரில் காரை வீடு ஒன்றைக் காட்டினேன். மனிதர் அறைகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக மாடிக்குப் போய்த் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், குழாய் எத்தனை, ஒழுகினால் எங்கே ஒழுகும் என்று குனிந்து குனிந்து பார்த்தார். வீட்டுக்காரருக்கு இந்த வீட்டில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்பதே மறந்து போயிருந்தது. யோசித்து யோசித்து ஒரு மூலையைக் காட்டினார். அங்கே குழாய்க்குள் சிட்டுக்குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது.

தங்கராஜ் விடவில்லை. "இங்க மழை எந்த மாசம் வரும் லா?" என்று பினாங்குப் பேச்சில் கேட்டார். வீட்டுக்காரர் வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "நீங்க விலாசத்தக் குடுத்துட்டுப் போங்க. வந்தா பினாங்குக்குத் தந்தி அடிச்சிருதோம்."

கிழக்கு வாசல்

இது மறுபக்கத்துக் கதை. சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருந்த குருசாமி அண்ணாச்சிக்குப் பினாங்கில் காலண்டர் வியாபாரம். வருஷத்துக்கு ஒரு தரம் போவார். அங்கே விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இளைத்துத் திரும்புவார். அங்கேயே ஒரு சின்ன வீடு வாங்கிப் போடலாம் என்று அவருக்கு ஆசை வந்தது. தங்கராஜ் மூலமாக அந்த ஊர்த் தரகர் ஒருவருடைய விலாசம் கிடைத்தது. எனக்குக் கடிதம் எழுதும் வேலை.

அண்ணாச்சிக்குக் கிழக்கு வாசல் இல்லாத வீடு ஆகாது. "வாசல் எந்தத் திசை?" என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில்: "கடலைப் பார்த்த வாசல்." "கடல் எந்தத் திசை?" என்று எழுதினேன். மறுபடியும் மூன்று வாரம். பதில்: "வாசலுக்கு நேர் எதிரே." கடிதத்தை அண்ணாச்சியிடம் கொடுக்கப் பயந்து இரண்டு நாள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

கடைசியில் அவரே நாகப்பட்டினம் போய்க் கப்பல் ஏறிவிட்டார். அந்நிய ஊரில், அந்நிய பாஷையில் இருந்த பத்திரத்தை மூன்று பேரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டு, சூரியன் எங்கே உதிக்கிறது என்று ஒரு வாரம் காலையில் போய் நின்று பார்த்து, வாங்கி முடித்து மூன்று மாதத்தில் திரும்பினார். நான் போனபோது மனைவி ராசம்மாளிடம், "சுத்தமான கிழக்கு, ஒரு இம்மி பிசகல" என்று பூரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அங்கன வாசல் எந்தத் திசைன்னு பாத்தது சரி. நம்ம வீடு எந்தத் திசைன்னு பாத்து ஒரு கடுதாசி போட்டீகளா?"

ஒரே கூரை

கொழும்பு, பினாங்குக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு கோரிக்கை பொது: கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே வேண்டும். அந்தக் காலத்தில் இதை ஒரு கொத்தனாரிடம் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கத் தனித் தைரியம் வேண்டும். திருத்தங்கல் கொத்தனார் ஒருவர் நான் சொன்னதைக் கேட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கட்டிய வீடுகளிலெல்லாம் அது தோட்டத்துக் கடைசியில், வேலிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டவர், ஒரு சந்தேகத்தை மட்டும் கேட்டார்: "சாமி படமும் அதுவும் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா, யாரு அண்ணாச்சி முதல்ல வெளியேறுவாக?"

மூன்று சத்தம்

கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தவர் அருளப்பன். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடை போயிற்று. அவரும் மனைவி பரஞ்சோதியும் ஒரு சிங்களக் குடும்பத்தார் வீட்டுக்குள் நாலு நாள் ஒளிந்திருந்து தப்பியவர்கள். சிவகாசியில் அண்ணன் இருக்கிறார் என்று வந்து, விஸ்வநத்தம் போகிற வழியில் ஒரு வீடு பார்த்தார்கள். வீடு இருவருக்கும் பிடித்துப் போயிற்று. அந்த அம்மாள் அடுப்படியைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் வெளியே 'டமார்' என்று ஒரு வெடி. பட்டாசுக் கம்பெனியில் புதுச் சரக்கை வெடித்துப் பார்க்கிறார்கள். எங்களுக்கு அது காக்கை கத்துகிற மாதிரி.

திரும்பிப் பார்த்தால் பரஞ்சோதி ஓடிப்போய் வாசல் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டார். அருளப்பன் பெஞ்சை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். இந்த ஊரில் இந்தச் சத்தம் இல்லாத வீட்டுக்கு நான் எங்கே போவேன்? கிரயம் போயிற்று என்றுதான் நினைத்தேன். அதைவிட, அந்த அம்மாள் தாழ்ப்பாளை விட்டுக் கையை எடுக்காமல் நின்றதைப் பார்த்து, முன்கூட்டியே சொல்லாமல் விட்டோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பக்கத்து வீட்டில் இருந்தவர் அந்தக் கம்பெனி போர்மேன் மாடசாமி. விஷயத்தைச் சொன்னேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார். அன்றைக்கு அதற்குப் பிறகு சத்தம் இல்லை. வீட்டை வாங்கினார்கள். அதன் பிறகு, வெடித்துப் பார்க்கிற நாளெல்லாம் மாடசாமி முதலில் சைக்கிளில் வந்து வாசலில் மணி அடித்து, "தங்கச்சி, இப்ப மூணு சத்தம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போவார். மாதக்கணக்கில் இது நடந்தது. ஒரு நாள் நான் அங்கே இருக்கும்போது மாடசாமி வேலை முடிந்து திரும்பினார். பரஞ்சோதி வாசலில் வந்து நின்று அவரை மடக்கினார்: "அண்ணே, மூணுன்னு சொன்னீங்க, ரெண்டுதானே கேட்டுச்சு? மூணாவது நமுத்துப்போச்சா?"

தேனம்மா

ரங்கூனில் கடைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட சமயம். நம்ம ஊர் வேலாயுதம் அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். அவருடைய மனைவி மா தெயின், பர்மாக்காரி. கடையை ஒப்படைக்கிற வேலை முடியாமல் வேலாயுதம் அங்கேயே நின்றுவிட்டார். மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் மட்டும் கப்பலேற்றி விருதுநகருக்கு, அண்ணன் வீட்டுக்கு அனுப்பினார். அங்கே ஒரே அறையில் ஏழு பேர். வீடு வாங்கவென்று முன்பே அனுப்பிய பணம் அண்ணனிடம் பத்திரமாக இருந்தது. வாங்க வேண்டியது அந்த அம்மாள், தன் பெயரில்.

அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் கணவர் கடையில் நின்று கற்றது. அதனால் யாரைப் பார்த்தாலும், "வாங்க, உக்காருங்க, என்ன வேணும்?" என்பார். அண்ணன் இருந்த தெருவிலேயே நான் காட்டிய வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தூணைத் தட்டி, "சரக்கு நயம்" என்றார். தெரு அவரை ஒரே வாரத்தில் தேனம்மா ஆக்கிவிட்டது. ஆனால் அதே தெருதான் கிரயத்துக்கும் குறுக்கே வந்தது. பர்மாக்காரர்கள் மீனை அழுக வைத்து நாப்பி என்று ஒன்று தின்பார்கள், நாற்றம் ஏழு வீட்டுக்கு வீசும் என்று பேச்சு. விற்கிறவர் மதுரைக்குக் குடிபோகிறவர். போகிற நேரத்தில் ஏன் பொல்லாப்பு என்று பின்வாங்கினார்.

விற்கிற வீட்டுக்கு அடுத்த வீட்டுச் சண்முகத்தாய்தான் எதிர்ப்புக்குத் தலைவி. அவரிடம் போய், "ஒரு தடவ அந்த அம்மாவ நேர்ல பாத்துட்டுப் பேசுங்க" என்று கெஞ்சி அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தேனம்மா, "வாங்க, உக்காருங்க, என்ன வேணும்?" என்றார். சண்முகத்தாய், "அந்த நாப்பி வேணும்" என்றார், சண்டைக்காரத் தொனியில். தேனம்மா உடனே ரங்கூனிலிருந்து கொண்டுவந்த ஜாடியைத் திறந்தார். அண்ணன் வீட்டார் அத்தனை பேரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். நானும்தான். சண்முகத்தாய் மட்டும் குனிந்து முகர்ந்து, ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்து, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். வெளியே வந்து அறிவித்தார்: "இது நம்ம கருவாட்டுக்கு அக்கா முறைதான் வேணும்!"

ரேகை

பத்திரம் தாக்கல் செய்யும் நாள். தேனம்மா பர்மிய எழுத்தில், வட்டம் வட்டமாக, முத்துக் கோத்தது போலக் கையெழுத்துப் போட்டார். பத்திரம் எழுதிய குமாஸ்தாவுக்கு அது பிடிபடவில்லை. இது எழுத்தா, கோலமா என்று கேட்டார். பேசாமல் பெருவிரலை மையில் தொட்டு ரேகை வைக்கச் சொல்லுங்கள், வம்பில்லை என்றார்.

தேனம்மாவுக்கு அது புரிந்ததும் முகம் மாறிவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் ரங்கூனில் கடைக்கு வருவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருஷம் வாத்தியார். "ரேகை இல்லை. நான் படிச்ச ஆளு" என்றார். கண் நிறைந்துவிட்டது. கணவர் பக்கத்தில் இல்லை, ஊர் தன்னுடையதில்லை, பாஷையும் தன்னுடையதில்லை. அந்தக் கையெழுத்து ஒன்றுதான் அவரிடம் மிச்சமிருந்தது. வீடு போனாலும் போகட்டும் என்று எழுந்தே விட்டார்.

ரிஜிஸ்திரார் விவரம் கேட்டு, எந்த மொழியானால் என்ன, போட்டது போட்டதாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த தை மாதம் வேலாயுதமும் வந்து சேர்ந்து அந்த வீட்டிலேயே பொங்கல் வைத்தார். ஆனால் பத்திர ஆபீஸில் அன்றைக்கு ரிஜிஸ்திரார் வாய் திறப்பதற்கு முன்பே, சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த சண்முகத்தாய் குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்: "வாசிக்கத் தெரியாதது நீங்க. எழுதத் தெரிஞ்சவுக கிட்டப் போயி ரேகை கேக்கீகளா?"

கடல் தாண்டி வந்து வீடு கேட்டவர்கள் எல்லோரும் சுவரைத்தான் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், ஆனால் அவர்கள் வாங்கியதென்னவோ பக்கத்து வீட்டுக்காரர்களைத்தான், அதற்கும் சேர்த்துத் தரகு கேட்க இந்த மடையனுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.