விலாவோடு ஒட்டிய முழங்கை

மற்ற வீடுகளில் நகைக்கும் நிலத்துக்கும் சண்டை வரும். சிங்காநல்லூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த எங்கள் வீட்டில், காமிராவை நெடுக்குவாக்கில் திருப்பும்போது வலது கை மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று சண்டை வந்தது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பாவும் அம்மாவும் இதில் ஒருமுறைகூடச் சமாதானமாகப் போனதில்லை.

ஆளை முழு உயரத்துக்கு எடுக்க வேண்டுமென்றால் காமிராவைத் திருப்பித்தான் ஆக வேண்டும். அப்பா வலது கையை மேலே கொண்டுபோவார். முழங்கை காதுக்கு மேலே விறைத்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைக் காப்பாற்றிக்கொள்வது அவரவர் பொறுப்பு. அம்மா இதற்கு நேர்மாறு. வலது கையைக் கீழே இறக்கி, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிக்கொள்வாள்.

“இப்பிடிப் புடிச்சா மணிக்கட்டு ஆடும். எத்தன தடவ சொல்றது?” என்பார் அப்பா.

“எனக்கு இதுதான் வருதுங்க” என்பாள் அம்மா. அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. நான் முழுக்க முழுக்க அப்பா கட்சி.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பொள்ளாச்சியில் பெரியப்பா மகளின் கல்யாணம் வந்தது. கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் அப்பா வண்டியோடு சறுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்துவிட்டார். வெளியாளைக் கூப்பிடலாம் என்று பேச்சு எழுந்தபோது, நானே எடுக்கிறேன் என்று அம்மா சொன்னாள். அதுவரை அவள் ஸ்டுடியோவுக்குள் குழந்தைகளையும், சில வீட்டு வளைகாப்புகளையும்தான் எடுத்திருந்தாள். கல்யாண மேடை ஏறியதில்லை.

பெரியப்பா நேரில் வந்து உட்கார்ந்தார். “பொம்பளைங்க மேடைல ஏறி நின்னு படம் எடுக்கறது நம்மூட்டுல பழக்கமில்லீங்க அம்மணி. செரி, இந்தத் தடவ பாக்கலாம். ஏதாச்சும் சொதப்பிப்போட்டா, இதோட கடையோட நின்னுக்கோணும்.”

“சொதப்பாதுங்க மாமா” என்றாள் அம்மா.

அம்மாவுக்கு அந்த மேடை எவ்வளவு வேண்டியிருந்தது என்பது அவள் காமிரா லென்சைத் துடைத்த துடைப்பிலேயே தெரிந்தது. முதல் நாள் சேலைக்குக் குத்த வேண்டிய ஊசிகளை எடுத்து வைத்தாள். ஒரு சேலைக்கு எதற்கு இத்தனை ஊசி என்று எனக்குச் சிரிப்பாக வந்தது. கிளம்பும்போது அப்பா என்னைக் கட்டிலருகே கூப்பிட்டு, “உங்கம்மா கையத் தூக்கிப் புடிக்கறாளான்னு பாத்துக்க கண்ணு” என்றார். எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. கூடவே, விளக்குக்கு முன்னால் வைக்கும் பெரிய வெள்ளைக் குடையைத் தூக்கும் வேலையும் கிடைத்தது.

மண்டபத்தில் சடங்கை நடத்தும் அருமைக்காரர் வேலையைத் தொடங்க, அம்மாவும் தொடங்கினாள். முழங்கை விலாவை விட்டு அசையவில்லை. நான் மனதுக்குள் அப்பாவிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேடைக்குக் கீழே இடது பக்கம், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்களில் ஒருவன், “அக்கா, கைய இன்னுங் கொஞ்சம் மேல தூக்கிப் புடிங்க்கா. அப்பத்தான் படம் நல்லா வருமுங்க” என்றான். எனக்கு அவனை உடனே பிடித்துவிட்டது. அப்பா சொல்வதையே சொல்கிறான். அதுவும் எத்தனை மரியாதை, வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுகிறான்! அவர்கள் கையில் இருந்த போன்களும் அம்மாவை நோக்கி நெடுக்குவாக்கில் நின்றன. பெண் ஒருத்தி கல்யாணத்துக்குப் படம் எடுப்பது அவர்களுக்கு அதிசயமாக இருக்கிறது என்று பெருமைப்பட்டேன்.

நேராக அவர்களிடம் போய், “எங்கப்பாவும் இதையேதானுங்க சொல்வாரு. அம்மாதான் கேக்கவே மாட்டாங்க” என்றேன். அவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். “நீயே சொல்லு பாப்பா” என்றான் ஒருவன். நானும் மேடையைப் பார்த்து, தொண்டை கிழிய, “அம்மா, கையத் தூக்குங்கம்மா!” என்று கத்தினேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். முதலில் என்னை, பிறகு அவர்களை. முகம் சிவந்துவிட்டது. நான் கத்தியதற்குக் கோபம் என்று நினைத்தேன்.

முகூர்த்த நேரம் நெருங்கியதும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் மேடையில் ஏறி மணமக்களைச் சூழ்ந்துகொண்டார்கள். அம்மாவுக்குத் தலைகளும் கொண்டைகளும்தான் தெரிந்தன. தாலி கட்டும் படம் தவறினால் மற்ற எல்லாப் படமும் இருந்தும் பிரயோசனமில்லை. அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகினாள். ஏறுவதற்கு முன் என்னைப் பார்த்து, “குடைய விரிச்சு இந்தப் பக்கம் புடி” என்றாள்.

அவள் காட்டியது இடது பக்கம். விளக்கு நின்றது வலது பக்கம். ஸ்டுடியோக்காரர் மகளுக்கு இதுகூடவா தெரியாது?

“வெளிச்சம் அந்தப் பக்கமுங்கம்மா. இங்க புடிச்சு என்ன பண்றது?”

“புடி.”

“அப்பா இருந்தா...”

“புடிக்கிறயா இல்லியா? நான் எறங்கற வரைக்கும் நகரக் கூடாது.”

அம்மா என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. குடையை விரித்துப் பிடித்தேன். என்னைவிட அது பெரியது. குடைக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளையின் சிநேகிதர்கள், “பாப்பா, மறைக்குது பாரு, கொஞ்சம் தள்ளிக்க” என்று சொன்னார்கள். பாவமாக இருந்தது. ஆனாலும் அம்மாவின் குரலுக்குப் பயந்து நகரவில்லை. கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் அட்சதையை வீசக் கையைத் தூக்கினார்கள். நாற்காலி ஆடியது. அம்மா ஆடவில்லை.

படம் அற்புதமாக வந்தது. தாலியும் கல்யாணப் பெண்ணான அக்காவின் தாழ்ந்த இமைகளும் அத்தனை கைகளுக்கு நடுவே பளிச்சென்று இருந்தன. பெரியப்பா ஆல்பத்தில் அதைக் கண்டதும், “அடுத்த மாசம் எங்க மச்சான் ஊட்டுக் கல்யாணத்துக்கும் வந்துபோடுங்க அம்மணி” என்றார். அப்பா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “கை ஆடல. ஆனாப் புடிச்சது தப்புத்தான்” என்றார்.

“குடையையும் தப்பாத்தானுங்கப்பா புடிக்கச் சொன்னாங்க” என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அப்பா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா லென்சுக்கு மூடி போட்டாள்.

பல வருடம் கழித்து, பீளமேட்டில் நான் படித்த கல்லூரியில் ஒரு விழா. சேலை கட்டிக்கொண்டு, அப்பாவைப் போலவே முழங்கையைத் தூக்கி, மேடையோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு குரல், வெகு மரியாதையாக, “இன்னுங் கொஞ்சம் தூக்குங்க” என்றது. சிரிப்பு கேட்டது. யாரும் சொல்லித்தராமல் என் கை தானாக விலாவுக்கு இறங்கியது. கை தூக்கிய பக்கம் சேலை விலகியிருந்தது அப்போதுதான் உறைத்தது.

அம்மா ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை என்று நான் போய்க் கேட்கவில்லை. சொல்லியிருந்தால், அப்பாவும் பெரியப்பாவும் அந்தப் பையன்களை நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள்; பிறகு அம்மாவின் நல்லதுக்காகவே அவளைக் கடையோடு நிறுத்தியிருப்பார்கள். அதனால் காமிரா பிடிக்கத் தெரியாதவள், வெளிச்சம் தெரியாதவள் என்ற பெயரை அவள் வாங்கிக்கொண்டாள்.

பத்து வயதில் எனக்கு வெளிச்சம் எந்தப் பக்கமென்று நன்றாகத் தெரிந்திருந்தது. மண்டபம் கொள்ளாத சொந்தபந்தம் இருந்தும், தனக்கும் அந்தப் போன்களுக்கும் நடுவே நிறுத்திக்கொள்ள அம்மாவுக்கு நான் ஒருத்திதான் கிடைத்தேன் என்பதுதான் தெரியவில்லை.