ஒரு பாகத்தில் எட்டு அங்குலம்

ஒரு கிணற்றுக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை, அந்தத் தண்ணீரை வெளியே எடுக்காமலே சொல்லிவிடலாம். வாயின் அகலமும் தண்ணீரின் ஆழமும் தெரிந்தால் போதும். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்தபோது எனக்கு எந்த வியப்பும் வரவில்லை. 1996ஆம் ஆண்டு மாரிமழைக் காலத்தில், விசுவமடுவில், ஜோசப்பின் அக்கா அதைச் செய்யும்போதுதான் வியந்தேன். அதிலும் அவர் சரியாகச் சொன்ன நாளைவிட, பிழையாகச் சொன்னதைக் கண்டுபிடித்த நாளில்தான் கூடுதலாக வியந்தேன்.

ஜோசப்பின் அக்கா முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவர். அப்போது முப்பத்து மூன்று வயது. ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கரையில் மீன் நிறுப்பவர்களுக்கு நிறையைக் கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கணவர் மரியநேசன் கடற்றொழிலாளி. அந்த ஆண்டு நடுப்பகுதியில் சண்டையால் இடம்பெயர்ந்து வந்தபோது வள்ளமும் எஞ்சினும் கரையில் கிடக்க, ஒரு வலையும் சில கயிறுகளும் மட்டும் அவர்களோடு வந்தன.

நாங்கள் அறுபது குடும்பங்கள், அன்னபாக்கியம் என்ற அம்மாவின் மிளகாய்த் தோட்டத்துக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டுத் தங்கியிருந்தோம். அவரின் கிணறுதான் எல்லோருக்கும் குடிதண்ணீர். மழை தொடங்கியதும் வயிற்றோட்டமும் தொடங்கியது. சுகாதாரப் பகுதியிலிருந்து வந்தவர்கள் குளோரின் தூள் ஒரு தகரப் பேணி தந்து, ஒரு படிவமும் தந்தார்கள். கிணற்றின் அகலம் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடி என்று அதில் எழுத வேண்டும். அதற்கேற்ற அளவு தூள் போட வேண்டும். குறைந்தால் கிருமி சாகாது. கூடினால் தண்ணீர் குடிக்க முடியாது. “ஆர் இதுக்குப் பொறுப்பு எடுக்கிறியள்?” என்று கேட்டபோது ஜோசப்பின் அக்கா கையை உயர்த்தினார்.

அளப்பதற்கு அவரிடம் ஒரு கயிறு இருந்தது. வலைக்கயிறு. மரியநேசன் அண்ணை இரண்டு கைகளையும் விரித்து, ஒரு கையின் விரல் நுனியிலிருந்து மறு கையின் விரல் நுனிவரை ஒரு பாகம் என்று முடிச்சுப் போட்ட கயிறு. கரையில் கடலின் ஆழத்தையும் வலையின் நீளத்தையும் பாகத்தில்தான் சொல்வார்கள். ஒரு பாகம் ஆறு அடி என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அந்தக் கயிற்றைக் கிணற்றின் குறுக்கே பிடித்தோம். இரண்டேகால் பாகம். நுனியில் ஈயக்குண்டு கட்டி இறக்கினோம். நனைந்த பகுதி ஒன்றரைப் பாகம். ஆகவே அகலம் பதின்மூன்றரை அடி, தண்ணீர் ஒன்பது அடி. என்னிடம் வெயிலில் வேலை செய்யும் கணிப்பான் இருந்ததால் மிச்சக் கணக்கை நான் போட்டேன். 36,479.1 லீற்றர். அந்தக் கடைசிப் புள்ளி ஒன்றைக்கூட விடாமல் படிவத்தில் எழுதினேன். படிவத்தின்படி நாளுக்குப் பதினான்கு கரண்டித் தூள் என்று முடிவாகியது.

ஒரு கிழமைக்குள் பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். தேத்தண்ணியில் மருந்து மணக்கிறது, சோற்றில் மருந்து மணக்கிறது, பிள்ளைகள் வாயில் வைக்க மாட்டார்களாம். ஜோசப்பின் அக்கா குடித்துப் பார்த்தார். அவருக்கும் குமட்டியது. ஆனால் கணக்குச் சரிதானே என்று நினைத்தோம். பிறகு ஒருநாள் காலையில் கிணற்றடியில் வரிசை இல்லை. குடங்கள் எல்லாம் வாய்க்கால் பக்கம் போயிருந்தன. மழைத்தண்ணீர் ஓடி வரும் வாய்க்கால், தேத்தண்ணி நிறம். இரண்டு நாளில் இரண்டு பிள்ளைகளை வயிற்றோட்டத்தோடு சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

அன்னபாக்கியம் அம்மா நேரே வந்தார்.

“பிள்ளை, என்ர கிணத்தை ஆஸ்பத்திரிக் கழுவு தொட்டியாக்கிப் போட்டாய். இனி மருந்தும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்.”

“மருந்து போடாட்டி இந்த மழைக்குக் கிணத்துத் தண்ணியும் வாய்க்கால் தண்ணி மாதிரித்தான் அம்மா.”

“குடிக்கேலாத தண்ணி சுத்தமா இருந்தென்ன, ஊத்தையா இருந்தென்ன? ஞாயிறு மட்டும் பொறுக்கிறன். அதுக்குப் பிறகு உன்ர பேணி இந்தப் படலைக்குள்ள வரப்படாது.”

அன்று திங்கள். ஞாயிற்றுக்குள் கிணறு குடிக்கக் கூடியதாக மாற வேண்டும். இல்லாவிட்டால் அறுபது குடும்பமும் மருந்தில்லாத தண்ணீரையோ வாய்க்காலையோ குடிக்கும்.

சும்மா இரண்டு கரண்டி குறைத்துப் போடலாம் என்று நான் சொன்னேன். ஜோசப்பின் அக்கா தலையாட்டவில்லை. “எவ்வளவு குறைக்கிறது எண்டு ஆருக்குத் தெரியும் தம்பி? கூடக் குறைச்சா அதுவும் ஆபத்து. பிழை எங்கை எண்டு தெரியாமல் திருத்தக் கூடாது.”

அவர் யோசித்த வழி இதுதான். கிணற்றிலிருந்து தெரிந்த அளவு தண்ணீரை எடுத்தால் மட்டம் எவ்வளவு இறங்கும்? கணக்கு ஒன்று சொல்லும். கிணறு ஒன்று சொல்லும். இரண்டும் ஒத்துவர வேண்டும்.

முதலில் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றை எடுத்தார். நாலு கலன் தகரம் என்று எல்லோரும் சொன்னாலும் அவர் நம்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்நூறு மில்லிலீற்றர்ச் சேலைன் போத்தல் ஒன்று வாங்கி வந்து, அதனால் தகரத்தை நிரப்பினார். முப்பத்தாறு போத்தல். பதினெட்டு லீற்றர். பிறகு என்னுடைய ஓர் அடி நீளப் பள்ளிக்கூட அடிமட்டத்தை ஒரு பனஞ்சிலாகைக் கம்பில் கட்டி, அதைத் தண்ணீர் மட்டத்தில் கிணற்றுச் சுவரோடு நிறுத்தினார். நூறு தகரம் அள்ளி மிளகாய்ப் பாத்திக்கு விட வேண்டும். ஒவ்வொரு தகரத்துக்கும் ஒரு புளியங்கொட்டை சிரட்டைக்குள் போட வேண்டும். வாயால் எண்ணக் கூடாது என்றார், ஏனென்றால் கிணற்றடியில் கதை தொடங்கினால் எண்ணிக்கை மறந்துவிடும்.

கணக்கின்படி நூறு தகரத்துக்கு மட்டம் ஐந்தேகால் அங்குலம் இறங்க வேண்டும்.

செவ்வாய் மரியநேசன் அண்ணையும் நானும் மாறி மாறி இழுத்தோம். நூறாவது தகரம் வந்ததும் நான் குனிந்து பார்க்கப் போனேன். “பொறும், அலை ஓயட்டும்,” என்றார் அக்கா. தண்ணீர் அசையாமல் நின்ற பிறகு படிகளில் இறங்கி, கண்ணை அடிமட்டத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார். ஆறேமுக்கால்.

“ஒருக்கா அளந்தது அளந்ததில்லை,” என்று சொல்லிவிட்டார். புதன், மழை. மழைத்தண்ணீர் மட்டத்தைக் கூட்டும் என்று அன்று விட்டுவிட்டோம். வியாழன் ஏழு. வெள்ளி ஆறரை.

மூன்றும் ஒன்றில்லை என்று நான் சோர்ந்துபோனேன். அவருக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. “கால் அங்குலம் இஞ்சால அங்கால போகும்தான். அது எங்கட கைப்பிழை. ஆனா மூண்டு நாளில ஒரு நாளாவது ஐந்தேகாலுக்குக் கிட்ட வந்ததோ?”

வரவில்லை. நான் காரணங்களை அடுக்கினேன்.

“கிணத்துக்குள்ள ஊத்து ஊறியிருக்கும் அக்கா.”

“ஊறினா தண்ணி ஏறும். இறக்கம் குறைஞ்செல்லோ காட்ட வேணும்? கூடியெல்லோ காட்டுது.”

“தகரம் நிரம்பாமல் அள்ளியிருப்பம்.”

“அதுவும் இறக்கத்தைக் குறைக்கும்.”

“சிந்தினது திரும்பக் கிணத்துக்குள்ள…”

“அதுவும் குறைக்கும்.”

“எண்ணினது பிழைச்சிருக்கலாம்.”

“இருபத்தேழு கொட்டை பிழைச்சிருக்கோ? அதுவும் மூண்டு நாளும்?”

நாங்கள் விடக்கூடிய பிழைகள் அநேகமாக எல்லாமே ஒரு பக்கம் இழுக்கின்றன, கிணறோ மற்றப் பக்கம் நிற்கிறது. பிழைக்கும் திசை உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது. சிந்திய தண்ணீர், நிரம்பாத தகரம், கண்ணுக்குத் தெரியாத ஊற்று, இவற்றில் ஒன்றையும் சரியாக அளக்காமலே, குற்றவாளி இவை இல்லை என்று ஒருவரால் சொல்ல முடிந்தது.

“அப்ப கிணறுதான் நாங்கள் எழுதினதை விடச் சின்னன்,” என்றார் அவர். பிறகு கயிற்றை எடுத்து நிலத்தில் நீட்டி, முடிச்சிலிருந்து முடிச்சுக்கு அடிமட்டத்தை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது தடவை வைத்தபோது முடிச்சு அடிமட்டத்தின் நடுவுக்கு முன்னமே வந்துவிட்டது. ஐந்து அடி நாலு அங்குலம்.

“இஞ்சருங்கோ,” என்று கணவரைக் கூப்பிட்டார். “கையை விரியுங்கோ பாப்பம்.”

மரியநேசன் அண்ணை கட்டையான மனிதர். கையை விரித்தார். விரல் நுனிகள் முடிச்சுகளுக்குச் சரியாக நின்றன.

“ஆறடி எண்டு ஆர் சொன்னது?” என்று கேட்டார் அக்கா.

“எங்கட அப்பு சொன்னவர்.”

“அப்பு எவ்வளவு உயரம்?”

“அவர் என்னை விட ஒரு சாண் உயரம்.”

“பிறகென்ன! அப்புவின்ர பாகத்தைப் படிவத்தில எழுதி, உங்கட பாகத்தால அளந்திருக்கிறம்.”

“கடலில நான் ஒரு நாளும் பிழைச்சதில்லை,” என்றார் அவர் கோபமாக.

அது உண்மைதான். கடலில் அவர் வலையை அவரே அளக்கிறார், அவர் கயிற்றை அவரே இறக்குகிறார். எல்லாம் ஒரே கை. அந்தக் கை எவ்வளவு நீளமாக இருந்தாலும் கணக்குச் சரிவரும். அதை அடியாக மாற்றி இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும்போதுதான் பிழை பிறக்கிறது.

புதிதாகக் கணக்குப் போட்டோம். அகலம் பன்னிரண்டு அடி, தண்ணீர் எட்டு அடி. ஒரு பாகத்தில் எட்டு அங்குலம்தான் பிழை. ஆனால் அகலம் கணக்கில் இரண்டு தரம் பெருகி வருகிறது, ஆழம் ஒரு தரம். மூன்று இடத்திலும் அந்த எட்டு அங்குலம் புகுந்து, பத்துக் கரண்டி வேண்டிய இடத்தில் பதினான்கு கரண்டியைப் போட வைத்துவிட்டது. ஒரு சாணைவிடக் குறைந்த நீளம் இவ்வளவு தண்ணீரை இல்லாமலே உண்டாக்கிக் காட்டியது என்று நினைக்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கணிப்பான் 25,620.5 என்று காட்டியது. நான் எழுதப் போனபோது அக்கா தடுத்தார்.

“அந்த அரை லீற்றரை நீர் கண்டனீரோ? இருபத்தாறாயிரம் எண்டு போடும். ஆயிரம் கூடக் குறைய இருக்கும் எண்டும் எழுதும். முதல் எழுதின புள்ளியைப் பாத்துத்தான் நானும் அதை வேதம் எண்டு நம்பினனான்.”

வெட்கமாக இருந்தது. நான் எழுதிய புள்ளி ஒன்று, ஒரு பிழைக்கு நல்ல சட்டை போட்டுவிட்டிருந்தது.

கரண்டியைக் குறைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம், ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை, செபத்துக்குப் போனவர்களும் கோயிலுக்குப் போனவர்களும் திரும்பிய பிறகு, கிணற்றடிக்கு எல்லோரையும் கூப்பிட்டார். கயிற்றையும் அடிமட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு, “பிழை என்னுடையது. கயிறு ஆறடி எண்டு அளக்காமல் நம்பினன். நாலு கரண்டி கூடப் போட்டிருக்கிறன்,” என்றார்.

பிறகு பின்னாலிருந்து ஒரு குரல்: “மரியநேசன், உன்ர கை கட்டை எண்டதுக்கு எங்கட வயித்தை ஏனப்பா கலக்கினாய்?” சிரிப்புக் கிளம்பியது. மரியநேசன் அண்ணை இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

அன்னபாக்கியம் அம்மா சிரிக்கவில்லை. “என்ர மனுசன் வெட்டுவிச்ச கிணறு. பன்னிரண்டு அடி எண்டு நான் சொல்லியிருப்பன். என்னட்டை ஆரும் கேட்டியளோ?”

“இல்லை அம்மா. அதுவும் என்ர பிழைதான்.”

பத்துக் கரண்டி. ஒவ்வொன்றையும் ஒரு ஓலை ஈர்க்கால் வழித்து மட்டமாக்கி, வாளித் தண்ணீரில் கரைத்துக் கிணற்றில் விட்டார். அரை மணித்தியாலம் நின்றோம். ஜோசப்பின் அக்கா யேசுவே யேசுவே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். அன்னபாக்கியம் அம்மா தானே ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி மணந்து பார்த்து, ஒரு மிடறு குடித்தார்.

“இன்னும் மணக்குது,” என்றார். இன்னொரு மிடறு. “ஆனால் குடிக்கலாம். ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? குடங்களைக் கொண்டு வாங்கோ.”

குடங்கள் வந்தன. ஜோசப்பின் அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அதே கயிற்றால் பக்கத்துக் கொட்டில்களில் இன்னும் ஐந்து கிணறு அளந்து கொடுத்திருந்தார். அங்கேயும் ஆட்கள் வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள்.

“நாளைக்குப் போகலாமே அக்கா, மழை வரப் பாக்குது,” என்றேன்.

“ஐஞ்சு கிணத்துக்கும் இண்டைக்கும் பின்னேரம் மருந்து போடுவினம் தம்பி.”

அடிமட்டத்தைச் சேலைக்குள் செருகிக்கொண்டார். சைக்கிள் சேற்றில் ஓடாது என்று நடந்தே புறப்பட்டார். மரியநேசன் அண்ணை வாய்க்குள் ஏதோ புறுபுறுத்தபடி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் போனார். நான் பார்க்கப் பார்க்க இரண்டு பேரும் முதலாவது கிணற்றை நோக்கி வரம்பில் இறங்கினார்கள், தாங்கள் பிழை விட்டோம் என்று ஐந்து இடத்தில் சொல்வதற்காக.