குடும்ப வரைபடத்தில் அன்புக்கரசி

2022ஆம் ஆண்டு, ஆடிக் காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்த ஒரு நாளில், திண்டுக்கல்லிலுள்ள என் வீட்டு மாடி அறையை வாடகைக்குக் கேட்டு அன்புக்கரசி வந்தாள். முப்பத்திரண்டு வயது. பெட்டியை வாங்க நான் கையை நீட்டியபோது, தன் விரல்களிலிருந்த வெண்புள்ளிகளை அவளே காட்டினாள்.

"ஒட்டாது பெரியம்மா. இப்பவே பாத்துக்கிட்டா பின்னாடி பேச்சு வராதுல்ல?"

"ஒட்டுனாத்தான் என்ன? எனக்கு இனிமே மாப்பிள்ளையா பாக்கப் போறாக?"

சிரித்துவிட்டாள். அவ்வளவு வாய்விட்டு அவள் சிரித்ததை நான் மீண்டும் கேட்கவில்லை.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் அவ்வுடலையே தாக்கும் நோய்கள் சில குடும்பங்களில் ஏன் மிகுகின்றன என்பதை, மரபணுக்களைக் கணினியில் ஒப்பிட்டு ஆராயும் குழுவில் அவள் பணியாற்றினாள். வெண்புள்ளியும் அவ்வகை நோயே. உடன் பணியாற்றிய ஃபாரிஸ் ஊர் ஊராகச் சென்று இரத்தமும் குடும்ப வரைபடமும் பெற்று வருவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுற்றவருக்குக் கறுப்பு, நோயில்லாதவருக்கு வெள்ளை. பெயர்களை நீக்கி, எண்களை மட்டும் அவளுக்கு அனுப்புவார். தன் இரத்தத்தையும் ஓர் எண்ணாக அவள் கொடுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவளைத் தேடி எவரும் வந்ததில்லை. சொந்த ஊரான குஜிலியம்பாறைக்கு அவளும் போனதில்லை. அங்கே தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒப்பீட்டுக்கு நோயில்லாத குடும்பங்களும் தேவைப்பட்டன. சர்க்கரைப் பரிசோதனை இலவசம் என்றதும் குஜிலியம்பாறையில் பலர் இரத்தம் கொடுத்தனர். சில வாரங்களில், அவளுடைய எண்ணும் அங்கிருந்து வந்த ஓர் எண்ணும் மகளும் தந்தையும் எனக் கணினி காட்டியது. அந்தத் தந்தையின் வரைபடத்தை அவள் எடுத்துப் பார்த்தாள். பிள்ளைகள் இருவர்: ஒரு சதுரம், ஒரு வட்டம். தம்பி இருந்தான், தங்கை இருந்தாள், மூத்தவள் இல்லை.

வீட்டார் சொல்லாத உறவை வரைபடத்தில் சேர்க்கக் கூடாது என்பது ஆய்வின் விதி. தந்தை ஒப்புக்கொள்ளாவிட்டால் அவளுடைய எண்ணையே நீக்கிவிட வேண்டும். அவள் தந்தை முத்துச்சாமியைக் கைபேசியில் அழைத்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கும் அவர் குரல் கேட்டது.

"ஏம்ப்பா, எத்தனை புள்ளைகன்னு கேட்டதுக்கு ரெண்டுன்னா சொன்னீங்க?"

"ஏத்தா, அது வெறும் காகிதந்தானே? தங்கச்சி கல்யாணம் முடியட்டும். செத்த பொறு."

"எட்டு வருசமா ஊருக்கே வராம செத்த பொறுக்குறேன்ப்பா."

அவர் பேச்சைத் துண்டித்துவிட்டார்.

ஆய்வு முடிய ஒரு வாரமே இருந்தது. அதன் பின் அவள் ஹைதராபாத்துக்கு வேலைக்குப் போகவிருந்தாள். தன் எண்ணை நீக்க அவளுக்கு ஒரு நொடி போதும்; அவள் நீக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு புதிய வரைபடத் தாளை என்னிடம் கொடுத்துக் குஜிலியம்பாறைக்குப் போய்வரச் சொன்னாள்.

"நீங்க போனா அப்பா எந்திரிச்சுப் போயிர மாட்டாரு பெரியம்மா. தம்பிக்கு முன்னாடி ஒரு வட்டம் போடச் சொல்லுங்க."

"கறுப்பும் அடிக்கச் சொல்லணுமா?"

ஒரு வட்டத்தின் நிறம் தவறியிருந்தாலும் ஃபாரிஸை மீண்டும் அந்த வீட்டுக்கே அனுப்புகிறவள், தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம் பெரியம்மா. வெள்ளையாவே இருக்கட்டும். வட்டத்த மட்டும் போடச் சொல்லுங்க."